தன் வழக்கில் தானே நீதிபதி

நீதிமன்றத்தின் படியேறும் ஏழைக்கு உள்ள துணை எது? பணமா? பட்டமா? பரம்பரைப் பெருமையா? இல்லை! மேடையிலே அமர்ந்திருப்பவரின் நெஞ்சிலே பகையில்லை என்னும் நம்பிக்கை ஒன்றே துணை. அந்த நம்பிக்கையை நொறுக்கியவர் வெப்ஸ்டர் தேயர்.

1917இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மேல்நிலை நீதிமன்றத்திலே நீதிபதியானார் தேயர். 1921இல் டெதாம் நகரிலே இருவர் அவர்முன் நிறுத்தப்பட்டனர். சாக்கோ, செருப்புத் தொழிலாளி. வான்செட்டி, மீன் விற்றுப் பிழைத்தவர். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள்; அரசே வேண்டாம் என்னும் கொள்கையினர். 1920 ஏப்ரல் 15இல் சவுத் பிரெயின்ட்ரீயில் சம்பளப் பணத்தைக் கொள்ளையிட்டு இருவரைக் கொன்றனர் என்பது குற்றச்சாட்டு. 1921 ஜூலை 14இல் குற்றவாளிகளே என்றது ஜூரி.

கொன்றவர்கள் அவர்கள்தாமா என்பதிலே ஆய்வாளர் இன்றும் மாறுபடுகின்றனர். நாம் கேட்பது அதுவன்று. துலாக்கோல் நேராக நின்றதா? அதுவே கேள்வி!

மறுவிசாரணை வேண்டினர், மறுத்தார் தேயர். 1925இல் வேறொரு கைதி, அக்கொள்ளையிலே தனக்குப் பங்குண்டு, அவ்விருவருக்கு இல்லை என்றான். 1926இல் அதனையும் ஒதுக்கினார். மன்றத்துக்கு வெளியே அவ்விருவரை அவர் இழித்துப் பேசியதாகக் கேட்டவர்கள் சான்று பகர்ந்தனர். நீதிபதியின் பகையைக் காட்டி 1927 ஆகஸ்டில் மனுச் செய்தனர். அதை விசாரித்தவர் யார்? அதே தேயர்! முடிவு? தள்ளுபடி! வேலி பயிரை மேய்ந்தது. மேய்ந்ததா என்று விசாரிக்கவும் வேலியையே அமர்த்தினர்!

ஆளுநர் அமைத்த மூவர் குழுவோ, தேயரின் பேச்சு பெரும் ஒழுங்கு மீறல் என்றது. ஆயினும் விசாரணை நேர்மையே என்றது. நஞ்சு கலந்தது உண்மை, பால் மட்டும் தூய்மை என்பது போன்ற தீர்ப்பு! 1927 ஆகஸ்ட் 23இல் இருவரும் மின்சார நாற்காலியிலே மாண்டனர்.

தேயர் ஒருவரின் குறைதானே, சட்டத்தின்மீது பழி ஏன் என்பர் சிலர். அன்றைய சட்டப்படி மாநில உச்ச நீதிமன்றம் சட்டப்பிழையை மட்டுமே பார்த்தது, சான்றுகளை எடைபோடவில்லை. ஒரு மனிதரின் மனமே முடிந்த முடிவானது. தேயர் 1933இல் மறைந்தார். மரண தண்டனை வழக்குகளில் சான்றுகளையும் ஆராயும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு 1939இல்தான் கிடைத்தது. விசாரணை நேர்மையற்றது என்று ஆளுநர் டுகாகிஸ் 1977இல் அறிவித்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து! அறிவிப்பு வந்தது, ஆவி திரும்பியதா?

தன் நெஞ்சின் பகையைத் தானே எடைபோடும் உரிமை எந்த நீதிபதிக்கும் ஆகாது. அவ்வுரிமை உள்ள இடத்திலே மன்றம் இருக்கும், நீதி இராது!