அவிட்டுக்கொண்டு போக விடுங்கோ

போன வருசம் வன்னியில ஒரு மாட்டுவண்டிச் சவாரி பார்க்க நாங்கள் மூண்டு பேர் போயிருந்தம். ஊர்ப் பேர் வேண்டாம். பி பிரிவில ஓட இருந்த ஒரு சோடியில வலப்பக்கத்து மாடு பின்னங்காலை ஊண்டப் பயந்து பயந்து நிண்டது. லொறியால இறக்கேக்க இடறுப்பட்டதாம். மாட்டுக்காரருக்கு அது தெரியும். பக்கத்தில நிண்ட எங்களுக்கே தெரிஞ்சது. ஆனா ஒலிபெருக்கியில பேர் சொல்லியாச்சு, எதிர்ச்சோடியும் பூட்டியாச்சு. "இப்ப அவிட்டால் பயந்திட்டான் எண்டுதான் கதைப்பினம் தம்பி" எண்டார்.

ஓடினார். பாதித் திடலில மாடு முழங்கால் மடிஞ்சு விழுந்தது. எழுப்பிக் கூட்டிக்கொண்டு போச்சினம். பிறகு அது எங்கயும் ஓடினதா நாங்கள் கேள்விப்படேல்ல.

அந்த மனுசன் கொடுமைக்காரர் இல்லை. விடியப்புறம் எழும்பி, தான் தேத்தண்ணி குடிக்க முதல் மாட்டைக் குளிப்பாட்டுற ஆள். அவருக்கு இல்லாமல் போனது, மானம் போகாமல் விலகிப் போக ஒரு வழி. எங்கட கதை முழுக்க அதைப் பற்றித்தான்.

அவுஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் ஹார்னஸ் ரேஸ் எண்டு ஒண்டு இருக்கு. எங்கட சவாரிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. சல்கி எண்ட ரெண்டு சில்லு வண்டியில ஒராள் இருந்து ஓட்டுவார். குதிரை நாலுகால் பாய்ச்சலில பாயக்கூடாது, நடை மாறாமல் ஓடவேணும். அங்க குதிரைக்கு என்ன வார் பூட்டுறது, கண்மறைப்புப் போடுறதா இல்லையா எண்டது முன்கூட்டியே பதிஞ்சிருக்க வேணும். நினைச்சபடி மாத்த ஏலாது. பட்டியலில பேர் வந்த பிறகும், ஓட்டத்துக்குச் சற்று முன்னம் கூட, மிருக வைத்தியர் பார்த்து "இது ஓடக்கூடாது" எண்டால் கதை முடிஞ்சுது. அந்தக் குதிரையில காசு கட்டின ஆக்களுக்குக் காசு திரும்பிப் போகும். ஒருத்தரும் ஊளையிடுறதில்லை.

அவையள் எங்களை விட இரக்கமான ஆக்கள் எண்டு நாங்கள் சொல்ல வரேல்ல. அங்க சூதாட்டக் காசு புரளுது, அதால விதி எழுதி வச்சிருக்கினம். எங்கட திடலில புரளுறது பேர். பேருக்கு ஆர் விதி எழுதுறது?

அடுத்தது கேட்டிக்கம்பு. துவரந்தடி எண்டால் பரவாயில்லை எண்டு சொல்லலாம். நுனியில ஆணி பூட்டின துவரங்கேட்டி வேற சாமான். நாங்கள் போன திடல்களில தொடக்கக் கோட்டில நிண்டு ஒராளாவது கம்பை வாங்கிப் பார்த்ததை நாங்கள் காணேல்ல. ஓட்டம் முடிஞ்சு வாற மாட்டின்ர தொடையைப் பார்த்தால், கம்பில என்ன இருந்தது எண்டு தெரியும்.

"உங்களுக்குச் சவாரியை நிப்பாட்ட வேணுமோ?" எண்டு கேட்பினம். இல்லை. 2009 இல முள்ளிவாய்க்கால் மட்டும் நடந்த சனம் பட்டி மாட்டை அவிட்டு விட்டிட்டுத்தான் போனது. மெனிக் பாம் முகாமால திரும்பி வந்தபோது மாடு இல்லை; உழவுக்கு லாண்ட்மாஸ்டர் வந்திட்டுது. இண்டைக்கு வன்னியில எருது சோடியா நிக்கிற வீடு எண்டால் பெரும்பாலும் அது சவாரி வீடுதான். சவாரி போனால் அந்தச் சோடியும் இறைச்சிக்குப் போகும்.

அதாலதான் பயப்படுறம். இந்தியாவில 2014 மே 7 இல உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோட மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேர்த்துத்தான் தடை செய்தது. வாலை முறுக்கினது, கண்ணில எரிச்சல் தாற சாமான் பூசினது எல்லாம் அந்த வழக்கில வந்தது. 2017 தை மாதம் மெரினாவில பெடியள் இருந்ததும், பிறகு சட்டம் திருத்தினதும், 2023 மே 18 இல நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றதும் எல்லாருக்கும் தெரியும். எங்களில பலர் அப்ப பள்ளிக்கூடத்தில படிச்சுக்கொண்டே அதுக்கு ஸ்டேட்டஸ் போட்டனாங்கள். "பண்பாடு" எண்ட சொல்லோட மட்டும் அது திரும்பி வரேல்ல, நிபந்தனைகளோடதான் வந்தது எண்டதை ஆரும் ஸ்டேட்டஸ் போடேல்ல.

இலங்கையில மிருக வதைத் தடைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அதில எழுதின தண்டம் 100 ரூபாய். இண்டைக்கு ஒரு வடையும் பிளேன்ரீயும். புதுச் சட்டம் வேணும் எண்டு கொழும்பில கன வருசமாக் கதைக்கினம். அது வரேக்க எங்கட திடலைப் பற்றி ஆர் எழுதுவினம்? ஒருக்காலும் மாடு பூட்டாத ஆக்கள். அதுக்கு முதல் நாங்கள் எழுத வேணும்.

விலக விட்டால் ஏமாத்துவினம், பலமான சோடி எதிரில வந்தால் மாட்டுக்குக் கால் நோ எண்டு அவிட்டுக்கொண்டு போவினம் எண்டு ஒரு பெரியவர் எங்களோட வாதாடினார். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் வைத்தியர். திடலுக்கு ஒரு மிருக வைத்தியரைக் கூப்பிட்டு, அவர் பார்த்து எழுதித் தந்தால் கட்டின காசைத் திருப்பிக் குடுங்கோ. பேரை ஒலிபெருக்கியில மரியாதையாச் சொல்லுங்கோ. அவர் சுகம் எண்டு சொல்லுற வரைக்கும் அந்த மாடு வேற திடலிலயும் ஓடக்கூடாது. பொய்க்கு விலகிறவருக்கு அந்தக் கடைசி நிபந்தனை போதும்.

சித்திரை வருசத்துச் சவாரிக்கு நோட்டீஸ் அடிக்கிற சங்கங்கள் எங்களிட்டச் சொல்லுங்கோ. கம்பு பார்க்கிறதுக்கு ஒரு வரி, விலகிறதுக்கு ஒரு வரி. நாங்களே தட்டச்சுச் செய்து தாறம்.