இல்லத்தில் நோயாளர் பராமரிப்பு: இரு பார்வைகள்

பக்கவாதம், புற்றுநோய், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் படுக்கையில் விழுந்தோரை, "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவமனைகள் அனுப்பிவிடுகின்றன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளோடு வலிதணிப்புப் பராமரிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் இல்லங்களுக்கே கொண்டு சென்றது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. எத்தனை வீடுகளுக்குச் சென்றார்கள் என்பதைப் பதிவேடு சொல்லும். பராமரிப்பு எத்தகையதாய் இருந்தது என்பதைப் படுத்திருப்பவரிடமும் பக்கத்தில் இருப்பவரிடமும் அன்றோ கேட்க வேண்டும்?

கேட்டால் இருவரும் ஒரே விடை சொல்வதில்லை. நலம் விசாரிக்கச் செல்லும் இடங்களில் கவனித்திருக்கிறேன். நோயாளி சிகிச்சையின் நுட்பத்தைப் பேசுவதில்லை. வந்தவர் கதவைச் சாத்தினாரா, உடை மாற்றுகையில் ஒரு துணியேனும் போர்த்தினாரா, சொல்லிவிட்டுத் தொட்டாரா, நேற்று வந்தவரே இன்றும் வந்தாரா என்பனவே அவருடைய அளவுகோல்கள். ஆயுள் முழுதும் அவ்ரத்தைப் பேணி வாழ்ந்த முதியவருக்கு இவை சிறு விஷயங்கள் அல்ல. ஒளுச் செய்ய இயலாதவருக்குத் தயம்மும் உண்டு, எழ இயலாதவர் படுத்தபடி சைகையால் தொழலாம் என்பதைச் செவிலியர் அறிந்திருக்க நியாயமில்லை. வீட்டார்தாம் முதல் நாளே எடுத்துரைக்க வேண்டும்.

பராமரிப்பவரின் கவலை வேறு. செவிலியர் அரைமணியில் புறப்பட்டுவிடுகிறார். எஞ்சிய நேரமெல்லாம் மகளோ மருமகளோதான். படுக்கைப்புண் வராதிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். கனத்த உடலைத் தனியொருத்தி புரட்டும் முறையைச் செய்து காட்டினார்களா? நள்ளிரவில் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் யாரை அழைப்பது? இவற்றுக்கு விடை கிடைத்த வீட்டார் மனநிறைவோடு பேசுகின்றனர். கிடைக்காதவர் எத்தனை கனிவான செவிலியரையும் குறை கூறுகின்றனர்.

'ஹோம் நர்ஸ்' என்ற பெயரில் வருவோர் அனைவரும் செவிலியர் அல்லர் என்பதையும் அறிய வேண்டும். முறையாகப் பயின்று, செவிலியர் குழுமத்தில் பதிவு பெற்றவரே செவிலியர், ஏனையோர் உதவியாளர். உதவியாளரின் உழைப்பை நாம் இழிவாக எண்ணவில்லை. ஆனால் ஊசி போடும் பொறுப்பை அவரிடம் ஒப்படைப்பது அறியாமை. பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

அண்டை மாநிலமாம் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தோன்றிய வலிதணிப்பு இயக்கம் பின்னர் மலப்புறம் மாவட்டத்தின் ஊர்தோறும் பரவியது. ஊரார் சிறு தொகைகள் சேர்க்கின்றனர். செவிலியருடன் உள்ளூர்த் தொண்டர்களும் வீட்டுக்கு வருகின்றனர். புண் கழுவும் முறையை வீட்டாருக்கே கற்பிக்கின்றனர். நோயாளியின் குறை, பராமரிப்பவரின் குறை ஆகிய இரண்டையும் கேட்கும் செவி அங்கே இருக்கிறது. 2008இல் அம்மாநில அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

பத்ருப் போர் நாளில், நோயுற்றிருந்த தம் துணைவியார் ருகையா (ரலி) அவர்களைப் பராமரிக்க மதீனாவில் தங்கிய உதுமான் (ரலி) அவர்களுக்கு, களத்தில் நின்றவருக்குரிய பங்கையே நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். பராமரித்தவர் கணவர், ஓர் ஆண்மகன் என்பதையும் கருதுக. நம் வீடுகளிலோ அப்பணி முழுதும் மருமகள் தலையில் விழுகிறது. மாமனார், மாமியாருக்குப் பணிவிடை செய்வதை மார்க்கச் சட்டம் அவள்மீது கடமையாக்கவில்லை. அவள் செய்வது உபகாரம். பெற்றோருக்குரிய கடமை பிள்ளைகளுடையது. உபகாரம் செய்பவளிடமே குறை காண்பது எந்த நியாயம்?

பள்ளிவாசல் தோறும் சந்தூக்கு ஆயத்தமாய் இருக்கிறது. படுக்கைப்புண்ணைத் தடுக்கும் காற்று மெத்தை ஒன்றை எத்தனை ஜமாஅத்துகள் வாங்கி வைத்திருக்கின்றன? பைத்துல்மால் நிதியிலிருந்து அதனை வாங்கி இரவல் தரலாம். வாரத்தில் ஒருநாள் மாற்று ஆளுக்குரிய ஊதியத்தையும் கொடுக்கலாம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதனை முன்வைக்க, இன்று ஜும்ஆ முடிந்ததும் முத்தவல்லியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.