புகையிலா உந்தும் புலப்படாச் செலவும்

புதுமை எது வரினும், ஆராயாது கைகூப்பி வரவேற்பாரும் ஆராயாது கைவிரித்து மறுப்பாரும் என இருதிறத்தார் எந்நாட்டிலும் உளர். அவ்விரு வழியும் அறிவுவழி ஆகா. ஒரு பொருளை அதன் விளம்பரத்தால் அளவாது, அதன் முதலையும் முடிவையும் ஒருங்கே நோக்கி மதிப்பதே அறிவுடையோர் வழக்கம். 'புகையே விடாது, பின்னால் நீர் மட்டுமே சொட்டும்' என்று இற்றை நாளில் உலகெங்கும் பேசப்படும் நீரக மகிழுந்தையும் அவ்வளவைகொண்டே அளத்தல் வேண்டும்.

ஐதரசன் என்று பலரும் வழங்கும் வளியே தமிழில் நீரகம் எனப்படுவது. நீரின் அகத்தே அடங்கியிருப்பது என்பது அச்சொல்லின் பொருள். உயிரகத்தோடு கூடி அது நீராவது கண்ட பிரெஞ்சு அறிஞர், 'நீரை ஆக்குவது' எனப் பொருள்படக் கிரேக்க வேர்களைக் கொண்டு 18ஆம் நூற்றாண்டில் அதற்குப் பெயரிட்டனர். செருமானியர் அப்பெயரை அப்படியே விழுங்கவில்லை. 'நீர்ப்பொருள்' எனத் தம் மொழியிலேயே வழங்கினர். சப்பானியர் 'சுயிசோ' என்றனர். கொரியர் 'சூசோ' என்றனர். அவ்விரண்டிற்கும் 'நீர்த்தனிமம்' என்பதே பொருள். நீரக மகிழுந்தைச் சந்தைக்குக் கொணர்வதில் முன்னின்ற நாடுகள் சப்பானும் கொரியாவுமே என்பது ஈண்டு எண்ணத்தக்கது. தம் மொழியில் பெயரிட்டமையால் அவர்தம் பொறிநுட்பம் குன்றிவிடவில்லை. தமிழில் சொன்னால் அறிவியல் வளராது என்பார்க்கு இதனினும் வேறு விடை வேண்டா.

நீரகம் என்னும் அச்சொல்லிலேயே இவ்வுந்தின் மேன்மையும் குறையும் ஒருங்கே அடங்கிக் கிடக்கின்றன. உயிரகத்தோடு கூடுங்கால் நீராவது அதன் மேன்மை. நீரினுள்ளும் பிற சேர்மங்களுள்ளும் கட்டுண்டு கிடப்பதன்றித் தனித்துப் பேரளவில் எளிதிற் கிடையாமை அதன் குறை.

முதற்கண் மேன்மையைக் காண்க. நீரகத்தையும் உயிரகத்தையும் கூட்டி மின்னாற்றல் பெறலாம் என்பதை, வேல்சு நாட்டிற் பிறந்த வில்லியம் குரோவ் 1839இலேயே செய்து காட்டினார். அதன் வழிவந்ததே எரிபொருட்கலம். கலத்தினுள் மெல்லிய தோல்போன்ற தடுப்பொன்று உண்டு. அதன் இருபுறமும் பிளாட்டினம் என்னும் விலைமிகு மாழை பூசப்பெற்றிருக்கும். நீரகம் அம்மாழையைத் தொட்டதும் அதன் மின்னன்கள் பிரிந்து கம்பிவழி ஓடி உந்துபொறியைச் சுழற்றுகின்றன. எஞ்சிய கருவோ அத்தோலை ஊடுருவி மறுபுறம் சென்று, காற்றிலுள்ள உயிரகத்தோடும் சுற்றிவந்த மின்னன்களோடும் கூடி நீராகிறது. தீயில்லை, ஆகவே புகையுமில்லை. 1969இல் நிலவுக்கு மாந்தரைக் கொண்டுசென்ற அமெரிக்க விண்கலத்திற்கு மின்னாற்றலையும் குடிநீரையும் ஒருசேரத் தந்தவை நீரகமும் உயிரகமும் கூடும் எரிபொருட்கலங்களே.

தொயோத்தா நிறுவனம் 2014 இறுதியில் சப்பானில் விற்பனைக்குக் கொணர்ந்த நீரக மகிழுந்தின் பெயர் 'மிராய்'. வருங்காலம் என்பது அச்சப்பானியச் சொல்லின் பொருள். 2020இல் வந்த அதன் இரண்டாம் வடிவம், 5.6 கிலோ நீரகத்தைக் கொண்டு அமெரிக்க அளவைப்படி ஏறத்தாழ 650 கி.மீ. ஓடவல்லது. நீரகம் நிரப்ப 5 மணித்துளி போதும். மின்னேற்றத்திற்குக் காத்துக்கிடக்கும் இடையூறு இல்லை. இவையெல்லாம் மெய்யான சிறப்புகளே, மறைத்தற்குரியன அல்ல.

இனிக் குறையைக் காண்க. நீரகம் நிலக்கரிபோல் பேரளவில் தோண்டி எடுக்கப்படுவதன்று. பிறிதோர் ஆற்றலைச் செலவிட்டுப் பிரித்தெடுக்கப்படுவது. ஆதலின் அது ஆற்றலைச் சுமக்கும் ஊர்தியேயன்றி ஆற்றலின் ஊற்றன்று. 2023இல் உலகம் ஏறத்தாழ 9.7 கோடி தொன் நீரகத்தை உண்டாக்கியது. அதில் கரிவளி குறைந்த வழியிற் பெறப்பட்டது ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. ஏனையதெல்லாம் பெரும்பாலும் இயற்கை வளியிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வந்ததே. இயற்கை வளியிலிருந்து ஒரு கிலோ நீரகம் பிரிக்கையில் 9 முதல் 10 கிலோ கரிவளி வெளியேறுகிறது. உந்தின் வாலில் புகையில்லை என்பது மெய். அப்புகை ஆலையின் வாயிலில் முன்னரே போய்விட்டது என்பதும் மெய்.

'நீரை மின்னாற் பகுத்தால் அக்குற்றம் நீங்குமன்றோ?' எனின், நீங்கும். ஆனால் வேறொரு கணக்கு எழும். ஒரு கிலோ நீரகம் பெற 50 முதல் 55 அலகு மின்னாற்றல் வேண்டும். அதனை அழுத்தி அடைக்க மேலும் சில அலகுகள் செலவாகும். அந்த ஒரு கிலோவில் நீரக மகிழுந்து ஏறத்தாழ 115 கி.மீ. ஓடும். அதே மின்னாற்றலை நேரே சேமக்கலத்தில் ஏற்றிய மின் மகிழுந்தோ ஏறத்தாழ 300 கி.மீ. ஓடும். மின்னை நீரகமாக்கி, நீரகத்தை மீண்டும் மின்னாக்கும் இருமுறை மாற்றத்தில் பாதிக்கு மேல் வீணாகிறது. நெல்லைக் கொடுத்து அரிசி வாங்கி, அவ்வரிசியைக் கொடுத்து மீண்டும் நெல் வாங்குவான், இருமுறையும் தரகு கொடுத்து இளைப்பது போன்றது இது.

வளிகளுள் மிக நொய்யது நீரகம். அதனை உந்தினுள் அடக்கக் காற்றழுத்தத்தைப் போல் 700 மடங்கு அழுத்த வேண்டும். நீர்மமாக்க வேண்டின் சுழியத்திற்குக் கீழ் 253 பாகைவரை குளிர்விக்க வேண்டும். அதன் தழல் பகலிற் கண்ணுக்கு எளிதிற் புலனாகாது. 2019 சூன் 10ஆம் நாள் நார்வே நாட்டுத் தலைநகர் ஓசுலோவின் அருகே நீரகம் நிரப்பும் நிலையமொன்று வெடித்தது. உயிரிழப்பு இல்லை. உயரழுத்தக் கலத்தின் அடைப்பு சரிவர இறுக்கப்படாமையே அதற்குக் கரணியம் எனப் பின்னர்த் தெரிந்தது. அந்நாட்டில் நீரக உந்து விற்பனையையே சிறிது காலம் நிறுத்த நேர்ந்தது. கல்நெய்யும் தீப்பற்றுவதே; எனினும், நீரகம் கையாள்வோரிடம் மிகுந்த பயிற்சியை வேண்டுவது என்பதை மறுத்தற்கில்லை.

அமெரிக்காவில் இவ்வுந்துகள் ஓடுவது பெரும்பாலும் கலிபோர்னிய மாநிலத்திலேயே. அங்கு 2023 இறுதியில் ஒரு கிலோ நீரகத்தின் விலை பல நிலையங்களில் 36 தாலராக ஏறியது. ஒருமுறை நிரப்ப 200 தாலர்! 2024 தொடக்கத்தில் 'செல்' எண்ணெய் நிறுவனம் அங்கு மகிழுந்துகளுக்கென நடத்திய தன் நீரக நிலையங்களை அடியோடு மூடியது. நிலையமின்றி உந்து வாங்குவாரிலர். உந்தின்றி நிலையம் வைப்பாரிலர். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்நிலை எனின், ஏனைய நாடுகள் எண்ணிச் செயற்படல் வேண்டும்.

தமிழ்நாட்டிற்கும் இதற்கும் தொடர்பு யாது எனின், உண்டு. இந்திய ஒன்றிய அரசு 2023 சனவரியில் 19,744 கோடி உருபாவில் பசுமை நீரகத் திட்டத்தை ஏற்றது. 2030க்குள் ஆண்டுக்கு 50 இலக்கம் தொன் என்பது அதன் குறிக்கோள். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025இல் சிறு அளவிலான பசுமை நீரக ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அப்பகுதியில் ஆக்கும் நீரகத்தை அம்மோனியாவாக மாற்றிச் சப்பானுக்கு ஏற்றும் திட்டமும் 2024இலேயே அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோ நீரகத்திற்கு 9 கிலோ தூய நீர் வேண்டும். 50 இலக்கம் தொன்னுக்கு 4.5 கோடி தொன் நீர்! பொருநையாற்று நீருக்கு உழவும் ஊர்களும் ஆலைகளும் ஏற்கெனவே போட்டியிடும் மண் அது. கடல்நீரைத் தூய்மையாக்கி அதற்குப் பயன்படுத்துவதே முறை. எஞ்சும் உவர்நீர் மீனவரின் கடலைக் கெடுக்காதிருத்தலும் வேண்டும்.

இவற்றால் நீரகமே வேண்டா என்பது முடிபன்று. உர ஆலைக்கும் எஃகாலைக்கும், சேமக்கலம் எட்டாத நெடுந்தொலைவுக் கப்பலுக்கும் நீரகம் பெருந்துணையாகும். மின்கம்பி செல்லாத் தொடர்வண்டித் தடங்களுக்கும் அது உதவக்கூடும். சென்னைப் பெரம்பூர்த் தொடர்வண்டிப் பெட்டித் தொழிலகத்தில் 2025 சூலையில் நீரகத்தால் இயங்கும் பெட்டி ஆய்ந்து பார்க்கப்பட்டது. ஆனால் ஒருவரோ இருவரோ ஏறிச்செல்லும் மகிழுந்திற்கு அரிதிற் பெற்ற நீரகத்தை வாரியிறைத்தல், பொற்கலத்தில் மாட்டுக்குத் தவிடு வைப்பதாகும்.

ஆகவே, 'பசுமை' என்னும் அடைமொழி கண்டு மயங்கற்க. இந்நீரகம் எதிலிருந்து பிரிந்தது? அதற்கு எவர் நீர், எவர் காற்று செலவாயின? அதன் ஊதியம் எவர்க்குச் சென்றது? இம்மூன்று வினாக்களையும் துறைமுகத் தொழிலாளியும் பொருநைக்கரை உழவனும் கேட்குமளவிற்குச் செய்தி அவர்தம் தாய்மொழியிற் சென்றடைதல் வேண்டும். திட்டத்தின் விளக்கம் அயன்மொழியில் இருக்குமட்டும் மக்கள் கையெழுத்திடுவாரேயன்றிக் கருத்துச் சொல்லார். நீரகம், உயிரகம், எரிபொருட்கலம் என்னும் சொற்களைத் தமிழாசிரியர் வகுப்பிலும், இளைஞர் மேடையிலும், தாய்மார் இல்லத்திலும் வழங்குக. பெயரறிந்த பொருளையே மக்கள் வினவுவர். வினவும் மக்களையே ஆள்வோர் மதிப்பர்.