கிளினிக் நாளுக்கு ஏன் பேர் இல்லை?

"அவ இப்ப வேலைக்குச் சரியில்ல, தூங்கி வழியுறா" என்று மலையில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் உடனே தலையாட்டிவிடக் கூடாது. உடம்பு கனக்கும், குளிர் தாங்காது, முடி கொட்டும், மாதவிடாய் அதிகமாகும், நிறுவையில் கிலோ கூடும். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி போதுமான அளவு சுரக்காவிட்டால் இப்படித்தான் இருக்கும். கங்காணிக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. ஒரு இரத்தப் பரிசோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும்.

நமது பகுதிக்குத் தைரொயிட் கோளாறு புதிதல்ல. மழை அதிகமான தென்மேற்குப் பக்கத்தில் கழுத்து வீக்கம் ஒரு காலத்தில் சாதாரணக் காட்சி. 1986இல் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் 100 பேரில் ஏறத்தாழ 18 பேருக்குக் கழலை இருந்தது. நமக்குப் பக்கத்திலுள்ள களுத்துறை மாவட்டத்தில் அது 30. 1995இல் உப்பில் அயடீன் கலப்பது கட்டாயமாகி, கழலை பெரிதும் குறைந்தது. ஆனால் சொந்த உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கினால் உப்பு அதைச் சுகப்படுத்தாது. அவர்களுக்கு தைரொக்சின் குளிசை, பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க வேண்டும்.

இந்தக் குளிசைக்கு வெறும் வயிறு வேண்டும். தேத்தண்ணியோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. காலையில் அடுப்பு மூட்டும்போதே தண்ணீரோடு விழுங்கிவிட்டு, ரொட்டி சுட்டு, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் போன பின் தேத்தண்ணி குடிக்கலாம். இரத்தக்குறைவுக்குத் தரும் இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும் நான்கு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். நமது பெண்களில் பலர் இரண்டையும் ஒரே கையில் வைத்து விழுங்குகிறார்கள். பையில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கிறது, நேரம் பிரித்துச் சொல்லவும் ஆளில்லை. குளிசை அட்டையை அடுப்புக்கு மேல் செருகி வைக்க வேண்டாம், சூடும் ஈரமும் அதைக் கெடுக்கும்.

ஒரு நாள் விட்டால் ஒன்றும் தெரியாது. அதுதான் ஆளை ஏமாற்றுவது. உடம்பிலுள்ள மருந்தில் பாதி குறையவே ஏறத்தாழ 7 நாள் எடுக்கும். அதனால் "நிப்பாட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. சில வாரம் போனால்தான் பழைய களைப்பு திரும்பும்.

இனி அந்தத் துண்டுக் கடதாசி. டி.எஸ்.எச். என்று ஒரு எண் இருக்கும். அது "கூடி" இருந்தால் மருந்து கூடிவிட்டது என்று நினைத்துக் குளிசையை நிறுத்தியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். விஷயம் நேர் எதிர். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியைக் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தைரொயிட் வேலை குறைந்தால் கங்காணி சத்தம் போடுவார். அந்தச் சத்தத்தின் அளவுதான் டி.எஸ்.எச். எண் பெரிதானால் மருந்து போதவில்லை, எண் மிகச் சிறிதானால் மருந்து அதிகம். சாதாரண அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை, ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சிறிது மாறும். குளிசையின் அளவை மாற்றினால் ஆறு எட்டு வாரம் கழித்துத்தான் இந்த எண்ணைப் பார்த்து முடிவு சொல்ல முடியும்.

பல நாள் விட்டுவிட்டு, இரத்தம் எடுக்கும் வாரத்தில் மட்டும் ஒழுங்காகப் போடுகிற பழக்கமும் உண்டு. டொக்டர் ஏசுவாரோ என்ற பயம். ஆனால் விட்டதைச் சொல்லாவிட்டால் அவர் அளவைக் கூட்டி எழுதிவிடுவார். பிறகு நெஞ்சு படபடக்கும், நாளாக நாளாக எலும்பு பலமிழக்கும். பிள்ளை தங்கியது தெரிந்ததும் ஒருபோதும் நிறுத்த வேண்டாம், உடனே கிளினிக்குக்குப் போகவும். அந்த நேரத்தில் உடம்புக்கு மருந்து கூடுதலாகவே தேவைப்படும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஒழுங்காகப் போடு" என்று புத்திமதியோடு நிறுத்த நமக்கு மனம் வரவில்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று தீர்மானிக்கப்பட்டது. மாதம் ஒருமுறை பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர் அன்றைய நாட்சம்பளத்தையும் பஸ் காசையும் இழக்கிறார். பிள்ளைக்குக் கொப்பி வாங்க வேண்டிய மாதத்தில் எதை விடுவார்? அங்கே போனாலும் துண்டு ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில். தமிழிலும் அரசு அலுவலகங்களோடு தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் நமக்குத் தருகிறது. வரிசையில் நிற்கும்போது அந்த அத்தியாயம் யாருக்கு ஞாபகம் வரும்!

கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைக்குப் பேர் விழ வேண்டும். நிலைமை சீரானவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தை ஒரேயடியாகக் கொடுக்க வேண்டும். இரத்தத்தைத் தோட்ட மருந்தகத்தில் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தைரொக்சின் விலை உயர்ந்த மருந்தல்ல, தோட்ட மருந்தகத்தில் வைத்திருக்க முடியாது என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.

கிளைத் தலைவர்களும் மாதர் அணித் தலைவிகளும் தங்கள் டிவிசனில் கிளினிக் போகிறவர்கள் எத்தனை பேர், வருடத்தில் எத்தனை நாள் சம்பளம் போனது என்று எழுதி, ஆட்களின் பெயரைப் போடாமல், அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது அந்தக் கணக்கு நமது கையில் இருக்க வேண்டும்.