வேதாளம் ஏறிய மரம் எது?

1985இல் தூர்தர்ஷனில் வந்த ராமானந்த் சாகரின் 'விக்ரம் அவுர் பேத்தால்' தொடரை ஹைதராபாத் தமிழர்களாகிய நம்மில் பலர் பார்த்திருப்போம். விக்கிரமனாக அருண் கோவிலும் வேதாளமாக சஜ்ஜனும் நடித்தனர். ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு புதிர். அரசன் வாய் திறந்து விடை சொன்னதும் வேதாளம் மரத்துக்கே பறந்துவிடும்.

எந்த மரம்? 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் சொன்னது, சீதை அமர்ந்திருந்த அதே சிம்சுபா மரம். தமிழிலோ அது முருங்கை! 'வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது' என்று நான் சொன்னால் என் வீட்டுப் பிள்ளைகள் விழிக்கிறார்கள். கதை இந்தியில் வந்து சேர்ந்தது, பழமொழி வரவில்லை. அதைத் தொலைக்காட்சியும் தராது, பள்ளியும் தராது. வீட்டுப் பேச்சுதான் தரும். தொடரைத் தாராளமாகக் காட்டுங்கள். கதையை மட்டும் தமிழில் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.