புத்தகத்தில் எழுதியிருப்பது எந்தக் கடலை?

சமையல் புத்தகம் பார்த்துச் சமைக்கிற வசதியிலா நாங்கள் இருக்கிறோம் என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கச்சானோ பாலோ கோதுமையோ ஒத்துக்கொள்ளாது என்று வைத்தியர் சொல்லிவிட்டால், எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதைத் தாய் மட்டும் மனதில் வைத்திருப்பது போதாது. நான் வேலை செய்யும் பிரதேசத்தில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் அதிகம். விடிய ஆறு மணிக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறும் தாய் பொழுதுபட்டுத்தான் வீடு வருகிறார். பகலில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பது அம்மம்மா, அல்லது பக்கத்து வீட்டு அக்கா. ஆகவே புத்தகத்தைத் தெரிவுசெய்யும்போது, நாம் இல்லாத நேரத்தில் அடுப்படியில் நிற்பவருக்கு அது விளங்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அண்மையில் நான் சந்தித்த ஒரு குடும்பத்தில் சிறுமிக்கு நான்கு வயது. கச்சானும் கஜுவும் அவளுக்கு ஆகாது. ஒரு தடவை கச்சான் அடையில் ஒரு துண்டு கடித்து, உதடு வீங்கி, மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறார்கள். அதன்பிறகு தாய் கோயில் திருவிழாக் கடையில் சிறுவர் சத்துணவு பற்றிய சமையல் புத்தகம் ஒன்று வாங்கினார். தமிழ்நாட்டில் அச்சான புத்தகம். விலை மலிவு, படங்களும் நல்லவை. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். "இதிலை முந்திரியும் சீனியும் பாலும் தானே பிள்ளை போடச் சொல்லியிருக்கு. கச்சான் ஒண்டும் இல்லையே. முந்திரிப்பழம் உடம்புக்கு நல்லது தானே?"

எங்கள் ஊரில் முந்திரிகை என்றால் கொடியில் காய்க்கும் முந்திரிப்பழம். தமிழ்நாட்டில் முந்திரி என்றால் கஜு. புத்தகம் எழுதியவரும் பிழை விடவில்லை, அம்மம்மாவும் பிழை விடவில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடியது.

கடலையும் அப்படித்தான். கடலை என்றதும் எமக்கு நினைவில் வருவது கோயிலில் அவித்துத் தாளித்துக் கொடுக்கும் கொண்டைக்கடலை. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை என்று வருவதெல்லாம் எமது கச்சான். பல இடங்களில் வெறுமனே கடலை என்றாலும் கச்சான்தான். கடலை எண்ணெய் என்பது கச்சான் எண்ணெய், கடலை மிட்டாய் என்பது ஏறக்குறைய எமது கச்சான் அடை. அதே புத்தகத்தில் வரும் கடலைப்பருப்பும் கடலைமாவும் கச்சான் அல்ல. பொட்டுக்கடலையும் கச்சான் அல்ல. வாசிக்கிறவருக்குத் தலை சுற்றத்தானே செய்யும்!

பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எமது பக்கத்துக் கறிக் குறிப்புகளில் "பால் விட்டு இறக்கவும்" என்றிருந்தால் அது தேங்காய்ப்பால். முதற்பால், இரண்டாம் பால் என்றாலும் தேங்காய்தான். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பால் என்றால் பசுப்பால். பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த இரண்டு வகைப் புத்தகமும் ஒரே தட்டில் கிடந்தால், யாராவது ஒருநாள் மாறிச் செய்துவிடுவார்கள்.

கோதுமை ஆகாத பிள்ளைகளின் தாய்மாருக்கு நான் முதலில் சொல்வது, மைதாவும் ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது. மைதா என்ற பெயர் எம்மிடம் அதிகம் புழங்காததால் அது வேறேதோ மா என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டியாகவும் தூளாகவும் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். ஆனால் இந்த விடயத்தில் எமது ஊர்ச் சமையல் புத்தகங்களில்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாண முறைத் தோசைக்கு உழுந்தோடு கோதுமை மா சேர்க்கும் வழக்கம் உண்டு. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசிமாவோடு அவித்த கோதுமை மா கலப்பவர்கள் பலர். அதை எழுதாமல் "மா இரண்டு சுண்டு" என்று மட்டும் போட்ட குறிப்புகளைக் கண்டிருக்கிறேன். தோசையைப் பொறுத்தவரை அரிசியும் உழுந்தும் ஊறவைத்து அரைக்கும் தமிழ்நாட்டு முறையே இந்தப் பிள்ளைகளுக்கு உகந்தது. குரக்கன், சாமை, ஒடியல்மா என்பவற்றுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கிய புத்தகம் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

அந்த அம்மம்மா என்னிடம் இன்னொன்றும் சொன்னார். "2009 இலை ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையிலை நிண்ட சனம் பிள்ளை நாங்கள். அது கூடாது, இது கூடாது எண்டு சாப்பாட்டைத் தள்ளி வைக்க என்ரை மனம் கேக்குதில்லை." இதற்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை, சொல்லவும் கூடாது. பசி கண்ட ஒருவருக்கு உணவை விலக்கு என்பது வலிக்கும் பேச்சு. அதனால்தான் விலக்க வேண்டியவற்றை மட்டும் பட்டியல் போடும் புத்தகங்களை நான் சிபாரிசு செய்வதில்லை. அதற்குப் பதிலாக இதைச் செய்து கொடு என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் புத்தகம்தான் வீட்டில் பாவனையில் இருக்கும். கச்சானுக்குப் பதில் பயறு வறுத்துச் செய்த பயத்தம் உருண்டை, கஜு அரைத்து விடும் கறிக்குத் தேங்காய் அரைத்து விடுவது என்று, எமது கைக்குப் பழக்கமான மாற்று அதில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து சகோதரங்கள் அனுப்பும் ஆங்கிலப் புத்தகங்களும் சில வீடுகளில் உள்ளன. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் வாசித்துச் சொல்லுவார்கள். அவற்றைத் திறந்ததும் அச்சான ஆண்டைப் பாருங்கள். ஒவ்வாமை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை கச்சான் கொடுக்கக்கூடாது என்று 1998 இல் பிரித்தானியாவிலும் 2000 இல் அமெரிக்காவிலும் ஆலோசனை வழங்கப்பட்டது. அமெரிக்கா 2008 இலும் பிரித்தானியா 2009 இலும் அதைக் கைவிட்டன. பிறகு லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2015 இல் வெளிவந்தது. ஒவ்வாமை வரக்கூடிய ஆபத்துள்ள குழந்தைகளுக்கு முதல் வருடத்திலேயே கச்சானை மசித்த வடிவில் கொடுத்துவந்தால், கச்சான் ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று அது காட்டியது. பழைய புத்தகத்தைப் பார்த்து இரண்டாவது பிள்ளைக்கும் எல்லாவற்றையும் மறுக்காதீர்கள். ஆனால் கடும் கரப்பன் உள்ள குழந்தைக்கும் முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் வைத்தியரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

எள்ளுக்கும் இதே கதைதான். 2004 இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தில் பால், முட்டை, மீன், றால் நண்டு வகை, கொட்டைகள், கச்சான், கோதுமை, சோயா என எட்டே பொருட்கள். எள்ளு ஒன்பதாவதாக 2021 இல் சேர்க்கப்பட்டு 2023 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய அமெரிக்கப் புத்தகத்தில் "ஒவ்வாமைப் பொருள் எதுவும் இல்லாதது" என்று போட்ட பலகாரத்தில் எள்ளு இருக்கலாம். மாட்டிறைச்சி அந்தப் பட்டியலில் இன்றும் இல்லை. ஆனால் இலங்கைப் பிள்ளைகளிடம் அது ஒவ்வாமையை ஏற்படுத்துவதை எமது வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மீன் ஆகாதவர்களுக்குப் பெரிய பிரச்சினை மாசி. சம்பலிலும் சீனிச் சம்பலிலும் அது சொல்லாமலே சேர்ந்துவிடும்.

அட்டையில் உள்ள சொற்களையும் பார்த்துத்தான் நம்ப வேண்டும். "லாக்டோஸ் இல்லாதது" என்பது பாற்சீனி சமிக்காதவர்களுக்கானது. பால் ஒவ்வாமை பாலின் புரதத்தால் வருவது, அந்தப் புரதம் லாக்டோஸ் நீக்கிய பாலிலும் அப்படியே இருக்கும். பசுப்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் போடச் சொல்லும் குறிப்புகளை விட்டுவிடுங்கள். பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. முட்டை சேராத கேக் என்றால் அநேகமாக ரின்பால் சேர்ந்திருக்கும். பாலும் முட்டையும் முழுவதாக விலக்கிய வீகன் புத்தகங்கள் அந்த இரண்டும் ஆகாத வீட்டுக்குப் பெரும் உதவி. ஆனால் அவற்றில் பாதிக் குறிப்புகள் கஜுவையும் பாதாமையும் அரைத்தே பால் எடுக்கின்றன. முன்னர் சொன்ன சிறுமியின் வீட்டுக்கு அப்படியொரு புத்தகம் போகவே கூடாது.

பாலை நிறுத்திவிட்டுத் தேங்காய்ப்பாலைக் கொடு என்று சொல்வதோடு ஒரு புத்தகம் நின்றால் அது அரைவாசிப் புத்தகம். கறிக்குத் தேங்காய்ப்பால் சரி. பிள்ளையின் வளர்ச்சிக்கு வேண்டிய புரதமும் கல்சியமும் அதில் போதியளவு இல்லை. நெத்தலி, முருங்கையிலை, குரக்கன், பயறு என்று ஈடுசெய்யும் வழியும் எழுதியிருக்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம், கிளினிக்கில்தான் கேட்க வேண்டும்.

கிளினிக் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எமது வீடுகளில் அதிகம் புழங்கும் சமையல் குறிப்பு கடையில் வாங்கியதல்ல, கிளினிக்கில் கிடைக்கும் சத்துணவுத் துண்டுப்பிரசுரம். அதில் திரிபோஷா உருண்டை போன்றவை வரும். திரிபோஷாவில் சோளம், சோயாவோடு பால்மாவும் சேர்கிறது. பால் அல்லது சோயா ஆகாத பிள்ளை என்றால் வெட்கப்படாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். இலவசமாகத் தருவதை வேண்டாம் என்பது எப்படி என்று ஒரு தாய் பைக்கற்றை வாங்கி வாங்கி வீட்டில் அடுக்கி வைத்திருந்தார்.

இவ்வளவும் வைத்தியர் உறுதிப்படுத்திய ஒவ்வாமைக்குத்தான். பழுதான சூரை மீனைச் சாப்பிட்டாலும் முகம் சிவந்து உடம்பு தடிக்கும், அது மீன் ஒவ்வாமை அல்ல. அதற்காகப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் மீனை மறுக்கத் தேவையில்லை. பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். கச்சான், மீன், றால் ஒவ்வாமை பெரும்பாலும் நிலைத்து நிற்கும். எதுவானாலும் "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கவும்" என்று ஒரு புத்தகம் சொன்னால் அதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அது வைத்தியரின் மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை.

புத்தகம் வாங்கக் காசில்லாதவர்கள் பிரதேச சபை நூலகத்தில் இரவல் எடுக்கலாம். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக்கூடாது. உங்களுக்குத் தோதான பத்துக் குறிப்புகளை ஒரு கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், வேர்க்கடலை என்ற இடத்தில் கச்சான் என்று எமது சொல்லையே போட்டு. முதற்பக்கத்தில் பிள்ளைக்கு ஆகாத பொருளை எழுதுங்கள். அதன்கீழ், உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், சாப்பிட்ட கையோடு வாந்தி எடுத்துச் சோர்ந்தால், பிரிட்டன் குளிசை கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் என்று எழுதுங்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. வாசிக்கத் தெரியாதவர் வீட்டில் இருந்தால் கச்சானின் படத்தைக் கீறி அதன்மேல் சிவப்புக் கோடு போடுங்கள். பிறகு கொப்பியில் ஒரு நூலைக் கட்டி, அடுப்படிச் சுவரில் எல்லோருக்கும் எட்டும் உயரத்தில் கொழுவிவிடுங்கள்.