குளிர் குறையும் என்றது வானிலை அறிக்கை. குறைந்த வேலைநாளை எண்ணுவது யார்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களுக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டின் இயல்பான சராசரி மழையே சுமார் 44 சென்டிமீட்டர்தான். மரக்காணம் உப்பளங்கள் வரப்பும் பாத்தியும் தெரியாமல் நீருக்குள் மூழ்கின. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 2 அன்று, இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் குளிர்கால முன்னோட்டத்தை வெளியிட்டது. நாட்டின் பெரும்பகுதியில் குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும், குளிரலை வீசும் நாட்கள் குறையும் என்பது அதன் சாரம். தென் தீபகற்பத்தில் டிசம்பர் மழை இயல்பை விஞ்சும் என்றும் அது கூறியது.

வட இந்தியாவில் கோதுமை விதைத்தவருக்கும், தெருவோரத்தில் உறங்குபவருக்கும் குளிரலைக் கணக்கு இன்றியமையாதது. ஆனால் மரக்காணத்தில் எவரும் குளிரால் கூலியை இழப்பதில்லை. இங்கே குளிர்காலம் என்பது மழை ஓய்ந்து வேலை தொடங்கும் காலம். இந்தக் கடற்கரையின் தொழிலாளிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: தையில் பாத்தியில் இறங்க முடியுமா, முடியாதா?

வெயில் கூடினால் உப்பு கூடுமா?

வெப்பம் உயர்ந்தால் உப்பு விளைச்சலும் உயரும் என்று நினைப்பது எளிது. உப்பளத்தின் இயக்கம் வேறு. மழைக்காலம் முடிந்ததும் தேங்கிய நீரை வடித்து, சேற்றை அகற்றி, வரப்புகளைக் கட்டி, பாத்தியைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். சுமார் 3.5 விழுக்காடு உப்புள்ள கடல்நீரைப் படிப்படியாகப் பல பாத்திகளில் செறிவூட்டி, போமே அளவியில் 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். அதற்கு வாரக்கணக்கில் மழையற்ற நாட்கள் தொடர்ச்சியாக வேண்டும். இடையில் பெய்யும் ஒரு பெருமழை செறிவை நீர்த்துப்போகச் செய்து, உழைப்பை முதல் படிக்கே திருப்பி அனுப்பிவிடும். வெப்பம் எவ்வளவு கூடினாலும், வறண்ட நாட்கள் தொடராவிட்டால் உப்பு இல்லை.

அந்தத் தொடர்ச்சியே இன்று உறுதியற்றதாகி வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே, 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர், 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ், பின்னர் ஃபெஞ்சல் என நான்கு புயல்கள் கடலூருக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட இச்சிறு கரைப்பகுதியிலேயே கரையேறின. 2021 சனவரியில், மழை ஓய்ந்திருக்க வேண்டிய மாதத்தில், தமிழ்நாடெங்கும் இயல்பைப்போலப் பன்மடங்கு மழை பெய்தது.

ஒரு தனிப் புயலைக் காட்டி ‘இது பருவநிலை மாற்றம்தான்’ என்று தீர்ப்பெழுதுவது அறிவியலாகாது. எனினும் அடிப்படை விதி தெளிவானது. காற்று ஒரு பாகை செல்சியஸ் வெப்பமடைந்தால், அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். 1901 முதல் பதிவான ஆண்டுகளில் இந்தியாவில் மிக வெப்பமான ஆண்டு 2024. அதே ஆண்டில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். சூடேறிய கடலும் கட்டுக்கடங்காத மழையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

நிவாரணப் பட்டியலில் இல்லாதவர்கள்

மரக்காணத்தின் 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பளங்களில் பெரும்பகுதி ஒன்றிய அரசின் உப்புத் துறைக்கு உரியது, குத்தகைக்கு விடப்படுவது. உப்பை வாரிச் சுமப்போரோ தலித்துகளும் நிலமற்ற பிற சமூகத்தாரும். அவர்களுள் பெண்கள் மிகுதி. நிலம் அரசுக்கு, உப்பு குத்தகைதாரருக்கு, நாட்கூலி மட்டுமே தொழிலாளிக்கு. புயல் அந்த நாட்கூலியைத்தான் முதலில் அடித்துச் செல்கிறது.

ஃபெஞ்சலுக்குப் பின் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைதாரர்களுக்குத் தலா 2,000 ரூபாயைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமடைந்த நெற்பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. நிலத்துக்கு அளவு உண்டு, பயிருக்கு விழுக்காடு உண்டு, படகுக்கும் மாட்டுக்கும் விலை உண்டு. இழந்த வேலைநாளுக்கு மட்டும் அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை. உப்பளத் தொழிலாளிக்காக மனு எழுத அமரும் ஒவ்வொரு முறையும் நாம் முட்டி நிற்கும் இடம் இதுவே: இவர் இழந்த பொருள் எது என்று கேட்கிறது படிவம், இவர் இழந்தது பொருளல்லவே.

உப்பு விளையாத அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்திற்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் வழங்கும் மாநில அரசின் திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால் அது பழைய நாட்காட்டியின்படி எழுதப்பட்ட திட்டம். மழை சனவரிக்குள் நீள்கிறது. பாத்தியைச் சீரமைக்கும் பணி பிப்ரவரிக்குத் தள்ளிப்போகிறது. பருவம் நகர்ந்துவிட்டது, நிவாரணத்தின் தேதிகள் நகரவில்லை.

சட்டம் தரும் இடம்

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2022 முதல் 2026 வரையிலான பேரிடர் நிவாரண நிதி நெறிமுறைகளில், வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் பெரியவர் இருவருக்கு, நூறு நாள் வேலைத் திட்டக் கூலி அளவில் உதவி வழங்கும் பிரிவு இருக்கிறது. யார் அவ்வாறு பாதிக்கப்பட்டவர் என்று அடையாளம் காணும் பொறுப்பு மாநில நிர்வாகத்தினுடையது. உப்பளத் தொழிலாளரை அதில் சேர்க்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 61, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. 2004 ஆழிப்பேரலையில் கடலோரத் தலித்துகள் ‘மீனவர் அல்லர்’ என்ற காரணத்தால் நிவாரணத்தில் பின்தள்ளப்பட்ட வரலாறு நமக்குத் தெரியும். ‘சாதி’ என்ற சொல் இச்சட்டத்தில் இருப்பது அலங்காரத்துக்காக அன்று. 2024 மார்ச் 21 அன்று எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசமைப்பின் 14, 21 ஆகிய உறுப்புகளில் கண்டது. கானமயில் பறவை குறித்த வழக்கில் பிறந்த அந்த உரிமை உப்பளத்துக்கும் வந்து சேர வேண்டும்.

வெப்பத்திற்கும் இதே குறைபாடு உண்டு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் கடலோர நிலையத்தில் 37 பாகையைத் தொட்டு, இயல்பைவிட 4.5 பாகை மிகுந்தால்தான் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்கிறது. ஈரக்காற்றில், கண்கூசும் வெண்மைக்கு நடுவே, நிழலின்றிச் சுமை தூக்கும் உடலுக்கு 35 பாகையே பேரிடராகலாம்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, உப்பளத் தொழிலாளர் அனைவரின் பதிவேடும் ஊர்வாரியாக, பெண்களின் பெயரும் விடுபடாமல் புதுப்பிக்கப்பட வேண்டும். இரண்டாவது, மழைக்கால உதவி உண்மையில் இழந்த வேலைநாட்களைப் பின்பற்ற வேண்டும். மூன்றாவது, மேற்சொன்ன வாழ்வாதாரப் பிரிவின்கீழ் அவர்கள் பெயர் எழுதப்பட வேண்டும். நான்காவது, பருவ முன்னோட்டம் மாவட்டத்துக்கு வரும்போது தை, மாசி மாதங்களின் மழை வாய்ப்பும் ஈரவெப்ப அளவும் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் அறிவிக்கப்பட வேண்டும். ஐந்தாவது, நிழலும் குடிநீரும் கழிப்பறையும் குத்தகை நிபந்தனைகளாக வேண்டும். நிலத்தின் உரிமையாளர் அரசு என்பதால், இதற்குத் தனிச் சட்டம்கூடத் தேவையில்லை.

மாணவத் தோழர்கள் இன்றே தொடங்கலாம். ஃபெஞ்சலுக்குப் பின் வாழ்வாதார இழப்புக்கென உதவி பெற்றோர் எத்தனை பேர், அவர்களுள் உப்பளத் தொழிலாளர் எத்தனை பேர், பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பட்டியல் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலே நம் மனுவின் முதல் ஆவணம்.

2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தபோது அந்தத் தீ எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நீரில் கரைந்துபோகும் கூலி அப்படித் தெரிவதில்லை. அதைத் தெரியவைப்பது நம் பணி.